மஞ்சள் முகத்தோடு ஒரு குரூப் போட்டோ

1

பாலக்காட்டுப் பக்கம் எங்கள் ஊர் பெருமாட்டியில் ஒரு நம்பிக்கை உண்டு. குளிர் நாட்டில் போய்க் குடியிருந்தால் ஆள் வெளுத்துவிடுவார்களாம். நான் அயர்லாந்துக்கு வந்த பிறகு ஊருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு ஏமாந்து போகிறார். போன லீவில் பால் சொசைட்டி வாசலில் ஒரு அக்கா கேட்டே விட்டார்.

"ஏனுங் அம்மிணி, அங்க போயி இத்தன வருசமாச்சு. அப்படியேதான இருக்கறீங்க?"

போன இடத்தில் நான் ஒழுங்காக வேலை செய்யாமல் திரும்பி வந்துவிட்ட மாதிரி இருந்தது அவர் குரல்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது முகம் கழுவுவதைப் பற்றிய கட்டுரை. வெளுப்பதைப் பற்றியது அல்ல. வெளுத்தே ஆக வேண்டும் என்பவர்கள் வெள்ளையடிக்கிறவரைப் போய்ப் பாருங்கள்.

நான் இருப்பது இந்த நாட்டின் மேற்குக் கரையில், பெயர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாத ஒரு சின்ன ஊர். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் வேலை. என் வீட்டுக்காரர் மூணாறு பக்கத்துச் சூரியநெல்லிக்காரர். எஸ்டேட் லயத்தில் பிறந்து, மாட்டுப்பட்டிப் பக்கம் மாடுகளோடு வளர்ந்து, இங்கே வந்தும் ஒரு பண்ணையில் மாடுகளோடுதான் இருக்கிறார். இதற்கு எதற்கு இத்தனை தூரம் விமானம் ஏறினார் என்று மாடுகளுக்கும் தெரியாது. ஒரே மகள், தாரணி. பதினைந்து வயது. பள்ளியில் அவள் பெயர் தாரா. ஒரு எழுத்தைக் கூட விடாமல் கூப்பிட அங்கே யாருக்கும் பொறுமை கிடையாது.

இந்த ஊர்க் காற்று முகத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும். குழாயில் வருவது சுண்ணாம்புத் தண்ணீர். கெட்டிலுக்குள் வெள்ளையாகப் படிவது எதுவோ அதுதான் மூஞ்சியிலும் படிகிறது. வந்த முதல் குளிர்காலத்தில் என் கன்னம் சித்திரை மாதத்துக் கரிசல் காடு மாதிரி வெடித்தது. கடையில் போய்க் கேட்டேன். அங்கிருந்த பெண் வரிசையாகப் புட்டிகளை எடுத்து வைத்தாள். ஒன்று கழுவ. ஒன்று கழுவியதைத் துடைக்க. ஒன்று துடைத்ததைச் சமாதானப்படுத்த. இன்னொன்று எதற்கு என்று கேட்டேன். மற்ற மூன்றும் வேலை செய்வதற்கு என்றாள். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

2

நான் செய்வது இதுதான். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

காலையில் வெறும் தண்ணீர். தூங்கி எழுந்த மூஞ்சியில் சோப்புப் போடும் அளவுக்கு என்ன அழுக்கு இருக்கப் போகிறது? சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் பச்சைப்பயறு மாவு ஒரு ஸ்பூன், புளிக்காத தயிர் ஒரு ஸ்பூன். பயறைக் கழுவி நிழலில் காய வைத்து, நைசாக அரைத்து, துணியில் சலித்திருக்க வேண்டும். சலிக்காத மாவு மூஞ்சியைக் கீறும். ஈர முகத்தில் விரல் நுனியால் தடவ வேண்டும். அழுத்தித் தேய்க்க அது அடிப்பிடித்த சட்டி அல்ல. காய்வதற்கு முன்பே கழுவிவிட வேண்டும். காய விட்டால் தோலில் இருக்கிற கொஞ்ச நஞ்ச ஈரத்தையும் மாவு இழுத்துக்கொள்ளும். கழுவியதும் ஈரம் போகும் முன் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து ஒற்றிக்கொள்ள வேண்டும். பரு இருப்பவர்களுக்கு எண்ணெய் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் மாவோடு ஒரு சிட்டிகை கஸ்தூரி மஞ்சள்.

அவ்வளவுதான். எலுமிச்சம்பழத்தை மூஞ்சியில் தேய்க்கச் சொல்லி வீடியோ போடுகிறவர்களைப் பிடித்து அவர்கள் கண்ணில் பிழிய வேண்டும். புண்ணோ அரிப்போ இருந்தால் டாக்டரிடம் போங்கள். எனக்குப் போன் போடாதீர்கள். புதிதாக எதைப் போடுவதாக இருந்தாலும் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

இந்தக் கடைசி வரியை நான் எல்லோருக்கும் சொல்வேன். ஆனால் செய்ய வேண்டிய நாளில் செய்யவில்லை. மேற்கொண்டு எழுதப் போவது அதைப் பற்றித்தான்.

மாவும் மஞ்சளும் ஊரிலிருந்து வருகின்றன. அனுப்புவது என் அண்ணன் மனைவி. எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்றுதான் கூப்பிடுவோம். ஒரு முறை பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு கஸ்டம்ஸ் ஆபீஸிலிருந்து போன் செய்தார்கள். இது உணவா, அழகுசாதனமா? உணவு என்றால் ஒரு விதி, அழகுசாதனம் என்றால் வேறு விதியாம். முகத்துக்குப் போடுவேன், மிஞ்சினால் தோசை சுடுவேன் என்று உண்மையைச் சொன்னேன்.  இரண்டில் ஒன்றைத்தான் தன்னால் பதிய முடியும் என்றார் அந்த மனிதர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப தோசைன்னு போடுங்க" என்றேன். தோசை என்றே போட்டார்.

3

தாரணி சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் முகம் கழுவும் நேரத்தில் குளியல் தொட்டியின் விளிம்பில் வந்து உட்கார்ந்துகொள்வாள். மாவில் மீசை வைத்துக்கொள்வாள். பெரிய பள்ளிக்கு மாறியதும் அது நின்றது. குளியலறையில் அவளுக்கென்று ஒரு தட்டு வந்தது. நான் கடையில் விட்டுவிட்டு வந்த அதே புட்டிகள் அங்கே வரிசையாக வந்து நின்றன. என் டப்பாவைப் பார்த்தால், "அம்மா, அது ஃபூட். மூஞ்சில சாப்பாடு போடுற" என்பாள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். அதுவும் இரண்டு வார்த்தை. பிறகு கதவு சாத்தும் சத்தம்.

கத்திப் பார்த்தேன். கத்தினால் கதவு இன்னும் சீக்கிரம் சாத்தியது.

அவள் பள்ளியில் மூன்றாம் வருடப் பிள்ளைகளை, அதாவது இந்த வருடம் அவள் வகுப்பை, ஒன்றாக நிற்க வைத்துப் படம் எடுப்பார்கள். சட்டம் போட்டு நடைபாதைச் சுவரில் மாட்டுவார்கள். பல வருடத்துப் படங்கள் அங்கே தொங்குகின்றன. அவள் வகுப்புப் பிள்ளைகளின் அப்பா அம்மாவெல்லாம் அந்தச் சுவரில் இருக்கிறார்கள். நாங்கள் வந்தேறிகள், எங்களுக்கு அங்கே யாரும் இல்லை. முதல் முகம் தாரணியுடையதாகத்தான் இருக்கும். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. போனில் யாரிடமோ சொன்னதை நான் சமையலறையிலிருந்து கேட்டேன்.

படம் எடுப்பதற்கு முந்தின சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா. அந்த பீன்ஸ் மாவு எனக்கும் போட்டு விடுறியா? நெத்தியில பரு இப்பதான் போயிருக்கு. நாளைக்கு போட்டோ."

நான் ரொம்ப சாதாரணமாக இருப்பது போல அடுப்பை அணைத்தேன். குழம்பு அப்போது கொதிக்கக்கூட ஆரம்பிக்கவில்லை.

அலமாரியில் இரண்டு மஞ்சள் பொட்டலங்கள் இருந்தன. ஒன்று நங்கை தன் தோப்பில் விளைந்த கிழங்கை இடித்துக் கொடுத்தது. சாம்பலும் சந்தனமும் கலந்தது போல ஒரு மங்கல் நிறம். பிரித்ததுமே, மைதாவைக் கலந்துவிட்டார் என்று ஓரமாக வைத்துவிட்டேன். இன்னொன்று, சூரியநெல்லியில் மாமியார் வீட்டுக்குப் போகும் வழியில் மூணாறு கடை ஒன்றில் நானே வாங்கியது. பளபளவென்று, பார்த்தாலே கண் கூசும் மஞ்சள். கடைக்காரர், "ஒறிஜினல் கஸ்தூரியாணு சேச்சி" என்றார். என் வீட்டுக்காரர் அங்கேயே மூக்கைச் சுளித்தார்.

"ஏம்மா, இது கறிக்குப் போடுத மஞ்சள் மாதிரில்லா இருக்கு?"

"உங்களுக்கு மாட்டைப் பத்தி மட்டுந்தான் தெரியும். சும்மா இருங்க."

சும்மா இருந்துவிட்டார். அவர் எப்போதும் சும்மா இருப்பார். பிறகு நடப்பதைப் பார்ப்பார்.

என் அம்மா கஸ்தூரி மஞ்சளைத் தனியாக வைத்து நான் பார்த்ததே இல்லை. மாவோடு கலந்தே டப்பாவில் இருக்கும். நங்கையும் அதுவரை கலந்துதான் அனுப்பினார், தனியாகக் கொடுத்தது அந்த முறைதான். அதனால் அதன் தனி நிறம் எனக்குத் தெரியாது. முகத்தில் ஒட்டாது என்பது மட்டும் தெரியும். அதைத்தான் தாரணியிடம் சொன்னேன்.

"மஞ்ச ஒட்டாதாம்மா?"

"ஒரிஜினல் கஸ்தூரி ஒட்டாது. யாரை வேணாலும் கேட்டுப் பாரு."

போட்டோ என்பதால் சிட்டிகைக்குப் பதிலாக ஒரு ஸ்பூன் போட்டேன். தொட்டி விளிம்பில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். நெற்றி, கன்னம், மூக்கு, தாடை. வளர்ந்துவிட்டாள். தாடை என் வீட்டுக்காரர் தாடை.

கண் மூடியிருந்ததால்தானோ என்னவோ பேச ஆரம்பித்தாள். யார் யாரோடு பேசுவதில்லை, எந்த டீச்சர் தலையில் வைத்திருப்பது சொந்த முடி இல்லை, அடுத்த வருடம் எந்தப் பாடத்தை விடப் போகிறாள், பரு வந்த நாட்களில் யார் என்ன சொன்னார்கள், அன்றைக்குச் சாப்பாட்டை எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாள். எல்லாம் தமிழில். பாதிக்குப் பாதி இங்கிலீஷ்தான், ஆனாலும் தமிழ்.

மாவு காய்ந்துவிட்டது. எனக்குத் தெரியும், காய விடக் கூடாது. கழுவு என்று சொன்னால் எழுந்து போய்விடுவாள். நான் சொல்லவில்லை. காய்ந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தொட்டு மறுபடியும் தடவினேன். அதுவும் காய்ந்தது.

எங்கள் குளியலறை விளக்கு மஞ்சள் வெளிச்சம். கழுவிய பிறகு இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை. "சாஃப்ட்டா இருக்கு" என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனாள். மறுநாள் இருட்டோடு நான் வேலைக்குப் போய்விட்டேன். அவளும் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள்.

4

பள்ளியிலிருந்து போன் வந்தபோது நான் ஒரு தாத்தாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். மகள் மஞ்சளாக இருக்கிறாள் என்றார்கள். கல்லீரலாக இருக்கலாம், தனி அறையில் உட்கார வைத்திருக்கிறோம், டாக்டர் கடிதம் இல்லாமல் மற்ற பிள்ளைகளோடு விட முடியாது, உடனே வாருங்கள்.

போனேன். பொறுப்பு ஆசிரியை என்னை அறைக்குக் கூட்டிப் போனார். நல்ல மாதிரிதான். ஆனால் கையில் பேனாவும் அட்டையும் இருந்தன. பேனாவோடு வரும் நல்லவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்.

தாரணி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்ததும் எனக்கே பக்கென்றது. மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். பழுத்த நேந்திரன் மாதிரி. கழுத்தில் கோடு போட்டது போல நின்று, அதற்குக் கீழே என் பிள்ளையின் நிறம். அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

"நோய் இல்லை. மஞ்சள் கிழங்கு. நான்தான் முகத்தில் பூசினேன்" என்று என் இங்கிலீஷில் சொன்னேன். பெற்றவர் பிள்ளையின் முகத்தில் ஒரு பொருளைப் பூசியதாக அவர் எழுதினார். எழுதியதைப் பார்த்ததும் எனக்குப் பதற்றமாகிவிட்டது. நம் வழக்கத்தை விளக்கினால் புரிந்துகொள்வார் என்று நினைத்து, "பயப்படாதீங்க. எங்க ஊரில் கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணுக்கு இதைத்தான் பூசுவோம்" என்றேன்.

பேனா நின்றது.

"கல்யாணமா? யாருக்கு? எப்போது?" அவர் குரல் ரொம்ப மெதுவாகிவிட்டது. ஆபத்தான மெதுவு.

இத்தனை வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். குடியுரிமைக்கு வரிசையில் நின்று, வரி கட்டி, மழையைப் பற்றி நாள்தோறும் பேசி, நல்ல பெயர் வாங்கி வைத்திருந்தேன். ஒரே வாக்கியத்தில் பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைக்கிறவள் ஆகிவிட்டேன். வாயைத் திறந்தால் இன்னும் கெடும் என்று மூடிக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

வெளியே பெஞ்சு இழுக்கும் சத்தம் கேட்டது. ஹாலில் படத்துக்கு வரிசை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை அதைக் கவனித்துவிட்டு, கவலைப்பட வேண்டாம், தாராவைப் பிறகு தனியாக எடுத்து, படத்தின் மூலையில் ஒரு வட்டத்துக்குள் சேர்த்துவிடுவோம் என்றார்.

"எங்க ஊரில் மூலையில் வட்டம் போட்டு வைப்பது செத்தவர்களைத்தான்" என்றேன். மூடிய வாய் அவ்வளவு நேரம்தான் தாங்கியது.

அப்போதுதான் தாரணி தலையைத் தூக்கினாள். அவள் என்னைத் திட்டினால் நியாயம் என்று நினைத்தேன்.

"மிஸ், கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அம்மா போட்டது ஃபேஸ் பேக்" என்று இங்கிலீஷில் சொன்னாள். "என் கண்ணைப் பாருங்க. வெள்ளையா இருக்கு. காமாலைன்னா கண்ணும் மஞ்சளா இருக்கும்." பிறகு என் பக்கம் கை நீட்டினாள். தமிழில், "அம்மா, எண்ணெய்" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"பைல இருக்குமில்ல, உதட்டுக்குப் போடுற சின்னப் பாட்டில். மஞ்ச தண்ணியில போகாது, எண்ணெயில போகும்னு நீதான சொல்லுவ. பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லுவ."

சொல்வேன்தான். அந்த நேரத்தில் அவள் காதில் எப்போதும் பாட்டு மாட்டியிருக்கும்.

பாட்டிலை எடுத்தேன். டிஷ்யூவில் எண்ணெய் தொட்டு அவள் கன்னத்தைத் துடைத்தேன். டிஷ்யூ மஞ்சளானது. கன்னத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பழைய நிறம் தெரிந்தது. ஆசிரியை குனிந்து அவள் கண்ணைப் பார்த்தார். என் கையிலிருந்த டிஷ்யூவைப் பார்த்தார். கல்யாணம் இல்லையே என்று இன்னொரு முறை கேட்டுக்கொண்டார். அவர் வேலை அது. கேட்காமல் விட்டிருந்தால்தான் தப்பு. அப்புறம் பேனாவைச் சட்டைப் பையில் குத்திவிட்டு அவரும் ஒரு டிஷ்யூவை எடுத்தார்.

"நெற்றியை நான் பார்க்கிறேன். நீங்கள் மூக்கைப் பாருங்கள். அங்கே ஆரம்பிக்கப் போகிறார்கள்."

முழுதும் போகவில்லை. நேரம் போதவில்லை. முடி ஓரத்திலும் காது மடலிலும் மஞ்சள் அப்படியே நின்றது. மற்ற இடமெல்லாம் எண்ணெய். தாரணி எழுந்து ஓடினாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

5

அந்த வாரம் முழுதும் சொல்லவில்லை. கதவு சாத்திக் கிடந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் கிழக்கே பார்த்துக்கொண்டு, "மாட்டைப் பத்தி மட்டுந்தான் தெரியும்" என்று தனக்குத்தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டார். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

கோபத்தை யார் மேலாவது இறக்க வேண்டுமே. நங்கைக்குப் போன் போட்டு, நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டுக் கேட்டேன்.

"ஏனுங் நங்கை, நீங்க குடுத்த பொடி ஏன் மைதாவாட்டம் இருக்குது? அது நல்லா இருந்திருந்தா நான் ஏன் மூணாத்துல போயி வாங்கறன்?"

"மைதாவா? அம்மிணி, கஸ்தூரி மஞ்சள் அப்படித்தான் இருக்கும். கிழங்கே வெளுப்பு. மோந்து பாத்தா சூடம் வாசம் வரும். மோந்தியா?"

"இல்லைங்க."

"நீ வாங்குனது மஞ்சக்கூவைன்னு வேற கிழங்காட்ட இருக்குது. இங்க பாதிக் கடைல அதத்தான் கஸ்தூரின்னு குடுக்கறாங்க. கூடச் சாதா மஞ்சளையும் கலந்திருப்பான். வெளுப்பா இருந்தா மைதான்னு உனக்கு யாரு சொன்னது? அப்ப உங்கூருக்காரங்க அத்தன பேரும் மைதாவா?"

சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் போன் வைக்கும் முன் நங்கை கேட்ட கேள்விக்குச் சிரிக்க முடியவில்லை.

"கூவையோ மஞ்சளோ, தடவுனதும் கழுவியிருந்தா அந்தளவுக்குப் பிடிச்சிருக்காதே கண்ணு. எவ்வளவு நேரம் உட்டுட்ட?"

"பேசிட்டு இருந்தமுங்க" என்றேன்.

 "செரி உடு" என்றார் நங்கை. "பேசுனாளல்ல."

6

படம் வந்தது. மேசையில் போட்டுவிட்டுப் போனாள். இரண்டாம் வரிசையில் இருக்கிறாள். எண்ணெயில் முகம் கலசம் மாதிரி மின்னுகிறது. காது இரண்டும் மஞ்சள். வாயெல்லாம் பல். பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளும் கேமராவைப் பார்க்காமல் இவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிப்பு எந்த மாதிரி என்று நெடுநேரம் உற்றுப் பார்த்தேன். நல்ல சிரிப்பு மாதிரிதான் இருந்தது. அடையாளம் காண முடியாமல் போகிற முகம் இல்லை. நடைபாதையின் அந்தக் கோடியிலிருந்தே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நான் குளியலறையில் மாவைக் குழைத்துக்கொண்டிருந்தேன். தாரணி உள்ளே வந்தாள். கையில் நங்கையின் மங்கல் பொட்டலம்.

"இதுதான் நிஜம்னு அத்த மெசேஜ் பண்ணாங்க. முதல்ல உனக்கு. நாளைக்குக் காலையில ஜன்னல்கிட்ட நிக்க வச்சுப் பார்ப்பேன். அப்புறம்தான் எனக்கு."

"காதுக்குப் பின்னாடி தடவிப் பார்த்தாப் போதும்" என்றேன்.

"என் காதுக்குப் பின்னாடி தடவிப் பார்த்தியா நீ?"

தொட்டி விளிம்பில் உட்கார்ந்தேன். மோந்து பார்த்தேன். சூடம் வாசம் அடித்தது. அவள் மாவில் கலந்து என் கன்னத்தில் பூசினாள். விரல் நுனியால் அல்ல, பாத்திரம் தேய்க்கிற மாதிரி.  அவள் பேச ஆரம்பித்தாள். அந்த டீச்சரின் முடி காற்றில் கழன்று விழுந்த கதை. நடைபாதையில் அந்தப் படத்துக்கு முன்னால் சின்ன வகுப்புப் பிள்ளைகள் நின்று இவள் காதைத் தேடுகிற கதை.

மாவு காய ஆரம்பித்தது. "கழுவட்டுமா?" என்றேன், பாதி வாயால்.

"எனக்கு எவ்வளவு நேரம் விட்டியோ அவ்வளவு நேரம் உனக்கும்" என்றாள். காய்ந்த இடத்தில் தண்ணீர் தொட்டு மறுபடியும் தடவினாள்.

காய விடக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். நான் சொன்னது எல்லாமே அவளுக்கு மனப்பாடம் என்று இப்போது எனக்கும் தெரியும். தோல் நன்றாகவே இழுத்தது. இழுத்தால் இழுக்கட்டும்.